வீட்டுக்கு ஒரு புழு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றதும் படித்துறை, அரசமரம் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஒரு எருமை இறங்கினால் தண்ணீர் முழுக்க வெளியே வந்துவிடும், எருமை மட்டும் உள்ளே இருக்கும். அவ்வளவுதான் அதன் அளவு. ஒரு அல்லிக்கொடி, விரல்நுனி நீளத்துக்குக் கப்பி மீன்கள், ஓரத்தில் ஒரு நீல ட்ரம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மனைப்பிரிவு எங்களுடையது. இங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் காற்று திரும்பிய நாளில் கொடியில் காயும் சட்டையை முகர்ந்தால், கடல் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பது தெரியும்.

குளத்தை வெட்டியது நான். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கை வேறு எதையாவது தேடும். காளான் வளர்த்தேன், காளான் வரவில்லை, வாடை வந்தது. தேனீப்பெட்டி வைத்தேன், தேனீக்கள் என்னைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, இந்த ஆள் சரிப்படமாட்டான் என்று கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. அந்த வரிசையில் வந்ததுதான் குளமும். அது மட்டும் தங்கிவிட்டதற்குக் காரணம் நான் இல்லை. அதை என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குச் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் வேலை. காலையிலிருந்து பெயர்களைக் கூப்பிட வேண்டும். "சாப்பிட்டு வந்தீங்களா, வெறும் வயிறா?" "தண்ணி குடிச்சீங்களா? இன்னும் ஒரு பாட்டில் குடிங்க." "அடக்க முடியலையா? கொஞ்சம் நடந்துட்டு வாங்க." ஊராரின் சிறுநீர்ப்பைகள் நிரம்புவதும் காலியாவதும் அவள் பொறுப்பு. சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடி வந்து சேரும்போது தொண்டையில் குரல் இருக்காது. பையைக்கூட உள்ளே வைக்காமல் குளத்தோரம் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ட்ரம்மிலிருந்து தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் குளத்தில் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அரை மணி நேரம். அப்போது நான் வாயைத் திறந்தால் ஒற்றை விரல் உயரும்.

"இந்த அரை மணி மட்டும் யாரும் என்னை ஒண்ணும் கேக்கக்கூடாது. நானும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட சொத்து இது ஒன்றுதான்.

ட்ரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் குளத்தின் வடிகட்டி. நானே செய்தது. குளத்து அழுக்குத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ட்ரம்முக்கு ஏற்றும். உள்ளே பழைய மீன்வலைத் துண்டுகளும், அதற்குக் கீழே கருங்கல் சில்லுகளும் கிடக்கும். அழுக்கு அவற்றில் தங்க, தண்ணீர் மட்டும் தெளிந்து குளத்துக்குத் திரும்பும். வலையைக் கொடுத்தவர் எங்கள் தெருத் தலைவர். கல் சில்லுகளைக் கொடுத்தவர் தெருக்கோடி வீட்டுச் சிற்பி. மாமல்லபுரத்தில் பட்டறை வைத்து, விடுதிகளுக்கு யானையும் நந்தியும் செதுக்கி அனுப்புகிறவர்.

தலைவர் என்றால் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. கடலோரக் குப்பத்தில் பிறந்தவர், மீனுக்கு ஐஸ் போட்டு லாரியில் ஏற்றி அனுப்பும் தொழில். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தக் குரலுக்குப் போட்டி இல்லாததால் தெருவுக்குத் தலைவராகிவிட்டார்.

மழை ஓய்ந்த ஒரு மாதத்தில் அது ஆரம்பித்தது. சாயங்காலமானால் தெருவில் நிற்கிறவர்கள் தலைக்கு மேலெல்லாம் சின்னப் பூச்சிகள் தூண்போல் எழுந்து ஆடும். நகர்ந்தால் தூணும் கூடவே நகரும். ஒவ்வொருவர் தலையிலிருந்தும் ஒரு யோசனை புகையாகக் கிளம்பி நிற்கிற மாதிரி அழகாக இருந்தது எனக்கு. மற்றவர்களுக்கு அழகாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் வந்தார்.

"சாரே, எந்திரிச்சாச்சா? ஒரு மேட்டரு."

"சொல்லுங்க தலைவரே."

"தெருவுல கொசு தாங்கல. பேஜாரா கீது. நானும் எங்கேருந்து வருதுன்னு நின்னு நின்னு பாத்தேன். எல்லாம் உன் கொளத்துலேருந்துதான் கெளம்பி வந்துகினு கீது. நான் மாடி கட்றேன்ல, ஒடச்ச செங்கல்லு, காரை எல்லாம் சும்மா குமிஞ்சு கெடக்குது. வர்ற ஞாயித்துக்கெழம கொட்டி மூடிர்லாம். மேல ரெண்டு செம்பருத்தி வச்சிக்க. ஷோவா இருக்கும்."

தன் வீட்டுக் குப்பைக்கு இடம் கிடைத்த சந்தோஷமும் ஊர்க்கவலையும் அந்த முகத்தில் சரிசமமாகக் கலந்திருந்தன.

"கொளத்துல மீன் இருக்கு தலைவரே. கொசுப்புழு இருந்தா மீன் தின்னுடும்."

"கொளத்துல மீன் கீது, சரி. ட்ரம்முல இன்னா கீது?"

ட்ரம்முக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று மாலை விரல் இறங்கும்வரை காத்திருந்து மனைவியிடம் சொன்னேன். அவள் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "மூடட்டும். அப்புறம் நான் சாயங்காலம் எங்க உக்காரணும்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள். குரல் இல்லாத குரலில் சொன்னதால் அது என் மேல் பாறாங்கல்லாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ட்ரம்மைத் திறந்தேன். வலைத்துண்டு ஒன்றை உருவி, விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த வெள்ளைப் பீங்கான் தட்டில் அலசினேன். பழுப்புச் சேறு இறங்கியது. கொஞ்சம் பொறுத்தேன். சேறு நகர ஆரம்பித்தது.

முதலில் சிவப்பு. குங்குமத்தில் தோய்த்தெடுத்த நூல்துண்டுகள். லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் மாதிரி இடமும் வலமும் எட்டு போட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் வாலில் மூன்று இலை சொருகிய ஒரு பச்சைக் குச்சி, நடந்தது. கசகசா ஒன்று உருண்டு போய், எதையோ மறந்துவிட்டாற்போல் திரும்பி வந்தது. அம்பு முனைத் தலையும் மாறுகண்ணுமாக ஒரு தட்டைப் புழு, பீங்கானில் எண்ணெய் வழிகிறாற்போல் வழுக்கிச் சென்றது. கடைசியில் சேற்றுக்கட்டி என்று நான் நினைத்தது கால்களை விரித்தது. புளி நிறம், முகமெல்லாம் கண். பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி ஒரே தாவலில் தட்டின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் அன்று மதியம் சாப்பிட மறந்தேன். நமக்குத் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் ட்ரம்முக்குள் இவ்வளவு குடித்தனம் நடக்கிறது. வாடகை கிடையாது, மின்வெட்டு மட்டும்தான் பிரச்சினை.

படமெடுத்துக் காட்டினால் இன்னதென்று சொல்லும் வசதி போனில் இருக்கிறதே என்று சிவப்பு நூலைக் காட்டினேன். சேமியா என்றது, செய்முறையும் காட்டியது. கண்கள் நிறைந்ததைக் காட்டினேன். கொட்டை எடுத்த புளி. பிறகு நானே உட்கார்ந்து, கண் எரியும்வரை தேடித் தேடிப் படித்தேன். அலங்கார மீன் விற்கிறவர்கள் ரத்தப்புழு என்று சொல்வது இந்தச் சிவப்பைத்தான். சேற்றடியில் வாழும். இறக்கை முளைத்தால் அச்சு அசலாகக் கொசு. ஆனால் கடிக்காது, கடிக்க வாயே கிடையாது. தலைக்கு மேல் தூண் கட்டி ஆடுவது இவைதான். மூன்று இலை வாலும் புளி நிறமும் தட்டான்களின் குஞ்சுகள். ஒன்று ஊசித்தட்டான், ஒன்று பெரிய தட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். தலைவர் வந்தார். சிற்பி, பட்டறைத் தூசி அப்பிய புருவத்தோடு வந்தார். எதிர்வீட்டு நர்ஸம்மா, டியூட்டி முடிந்து தேவாலயத்துக்குக் கிளம்பியவர், அப்படியே வந்தார்.

"இது கொசுப்புழு இல்ல. கொசுப்புழு தண்ணி மேல தலைகீழாத் தொங்கும். இது குங்கும நூல் மாதிரி அடியில கிடக்கும். பெரிசானா கொசு மாதிரியே இருக்கும், ஆனா கொசு இல்ல. இந்தக் குச்சி மாதிரி இருக்கறது..."

தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சாரே, தப்பா நெனச்சிக்காத. நீ கவித எழுதறவன். எத பாத்தாலும் இன்னொண்ணு மாதிரி கீதுன்னுவ. நூலு மாதிரி, குச்சி மாதிரி, கொசு மாதிரி. இன்னா மாதிரின்னு நான் கேக்கல. இன்னான்னு கேக்கறேன்."

என் இருபது முப்பது வருட எழுத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை.

நர்ஸம்மாதான் வழி சொன்னார். "இதுக்கு ஏன் சண்டை? வார்டுல வியாதி என்னன்னு தெரியலன்னா என்ன செய்வோம்? அட்மிட் பண்ணி அப்சர்வேஷன்ல வைப்போம். பாட்டில்ல போட்டு வளத்துப் பாருங்க. என்ன வெளிய வருதோ அதுதான் அது."

"கரீட்டு" என்றார் தலைவர். "ஆனா இவரு வூட்ல வச்சா இவரு ஆள மாத்திருவாரு. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு போலாம். இன்னா வருதுன்னு பாத்துட்டுக் காரைய கொட்டிக்கலாம்."

பிரிப்பதில் ஒரு தகராறு வந்தது. தலைவர் கரையில் மீனைப் பங்கு வைக்கிற கணக்கைத்தான் எடுத்தார். கரையில் இறங்கிய மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஒரு பங்கு. "ட்ரம்மு இவருது, படகுப் பங்கு இவருக்கு. வல என்னுது, வலப் பங்கு எனக்கு. வழி சொன்னது நர்ஸம்மா, ஆள் பங்கு அவங்களுக்கு."

"அப்ப கல்லு?" என்றார் சிற்பி.

"கடல்ல கல்லுக்கு ஏது மச்சான் பங்கு?"

"இது கடலா? என் கல்லு இல்லன்னா இந்தப் புழு எங்க உக்காந்திருக்கும்?"

நியாயம்தான் என்று தோன்றியதால் கல்லுக்கும் ஒரு பங்கு பிரிந்தது. புளி நிறத் தட்டான் குஞ்சு சிற்பிக்குப் போயிற்று. மற்ற மூவருக்கும் சிவப்புப் புழுக்கள். எல்லாம் வாயகன்ற பாட்டில்கள், பழைய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டது. சற்றுமுன் கொலை செய்ய வந்தவர்கள், தளும்பாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்து வீட்டுக்குப் போனார்கள்.

என் மனைவி குளத்தோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வளரட்டும்" என்றாள். "வளர்ற வரைக்கும் மூட மாட்டாங்கல்ல?"

அதற்கடுத்த நாட்கள் எங்கள் தெருவில் வாழ்ந்திருக்க வேண்டும். நர்ஸம்மா பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி வீட்டு எண்ணும் 'அனுமதிக்கப்பட்டது' என்றும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். காலையில் போகும்போதும் வரும்போதும் டார்ச் அடித்துப் பார்ப்பார். "நிலைமை அப்படியே இருக்கு" என்று எதிர்ச்சாரியிலிருந்து எனக்குச் செய்தி வரும்.

தலைவரின் முதல் பாட்டில் பாழாகிவிட்டது. ஊறுகாய் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை, எண்ணெய் மிதந்தது. இரண்டாம் முறை வந்து வாங்கிப் போனார். நல்ல மனதோடு வஞ்சிரத் துண்டு ஒன்றைப் போட்டுவைக்க, வீடே நாறிவிட்டது. மூன்றாம் முறை கேட்டருகிலேயே தயங்கி நின்றார்.

"சாரே, அதுங்க இன்னா துன்னும்?"

"உங்க வலையில ஒட்டியிருக்கிற பாசி அழுக்குதான்."

"அழுக்கா? நான் வஞ்சிரம் போட்டேன்யா!"

அதிலிருந்து தினமும் காலையில் வந்து ட்ரம்மிலிருந்து ஒரு சிட்டிகை அழுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஐஸ் லாரிக்காரர்களிடம் கத்திக்கொண்டே வருவார், என் கேட்டருகில் போனைக் கீழிறக்கி, "நம்மாளுங்களுக்கு நாஸ்தா" என்பார்.

சிற்பிக்கு வேறு மாதிரிக் கவலை. "சார், இவனுக்குத் தாடையிலயே கை இருக்கு சார். மடிச்சு முகத்துக்குக் கீழ வச்சிருக்கான். இரை பக்கத்துல வந்தா சடார்னு நீட்டிப் புடிக்கறான். நான் இப்படி ஒரு உருவத்த செதுக்கினா ஆர்டர் குடுத்தவன் திருப்பி அனுப்பிடுவான்." தட்டான் குஞ்சு பசித்திருக்கக் கூடாதென்று நர்ஸம்மா தன் பாட்டிலிலிருந்து சிவப்புப் புழுக்களைக் கொடுத்துதவ, அவன் அத்தனையையும் தின்றான். நர்ஸம்மா மனம் உடைந்துபோனார். என்னிடம் மறுபடி வாங்கிப் போனார், மறுபடி பிளாஸ்திரி ஒட்டினார்.

இப்படியிருக்கையில்தான் ஊராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்தார். மழைக்காலத்தில் வீடு வீடாக வருகிறவர். தோளில் மருந்துப் பை, கையில் டார்ச். தொட்டி, பூச்சட்டி, டயர், எதில் தண்ணீர் நின்றாலும் குனிந்து பார்ப்பார். நெளிந்தால் மருந்து ஊற்றிவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போவார்.

முதலில் நர்ஸம்மா வீடு.

"இன்னாம்மா இது, ஃபிரிட்ஜ் மேல?"

"அது அப்சர்வேஷன்ல இருக்கு."

"நெளியுதே!"

"நெளிஞ்சாத்தாம்மா நல்ல நெலமை. நெளியலன்னாதான் பயப்படணும்."

அந்த அம்மா அடுத்து சிற்பி வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பாட்டில். அடுத்து என் வீடு. ஒரு பாட்டில், போதாததற்கு ஒரு குளம், ஒரு ட்ரம். அவர் தெரு நடுவில் நின்றுவிட்டார்.

"ஊரெல்லாம் புழுவ ஒழின்னு தொண்ட வத்தக் கத்திகினு வர்றேன். இங்க இன்னாடான்னா வூட்டுக்கு ஒண்ணுன்னு வளத்துகினு கீறீங்க. இன்னா, தெருவே சேந்து டெங்கு கம்பெனி தொறக்கப் போறீங்களா?"

"அது கொசு இல்லம்மா" என்றேன்.

"எனக்கு நெளிஞ்சா புழு, ஊத்துனா மருந்து. அவ்ளோதான் சார். பாட்டிலெல்லாம் கொட்டுங்க. கொளத்துலயும் ட்ரம்முலயும் நான் ஊத்திர்றேன். அடுத்த வாட்டி வரும்போது கொளம் இருக்கக் கூடாது. இருந்தா மேல எழுதிப் போட்டுருவேன்."

என் மனைவிக்கு அன்று வார விடுமுறை. வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு வூடு பாக்கி கீது, அதையும் பாத்துட்டு வர்றேன்" என்று அந்த அம்மா தலைவர் வீட்டுக்குப் போக, நாங்களும் பின்னால் போனோம். தலைவர் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம வூட்ல ஒண்ணும் இல்ல தாயி. க்ளீனு."

"பாக்கறேனே."

"ஒண்ணும் இல்லன்றேன்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பீரோல வச்சிக்கீது பாரும்மா! என் பட்டுப்பொடவைக்கு நடுவுல! காலைலேருந்து கத்தறேன்!"

பீரோ திறந்தது. பட்டுப்புடவைகளின் நடுவே, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்தினாற்போல் ஒரு துண்டு சுற்றிய பாட்டில். துண்டை விலக்கினார் அந்த அம்மா. உள்ளே கண்ணாடிச் சுவரில், மெலிந்த கால்களும் இறக்கையுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"கொசு!" என்றார்கள் எல்லோரும்.

தலைவர் ஜெயித்துவிட்டார். காரையைக் கொட்ட வேண்டியதுதான். ஆனால் ஜெயித்தவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"எப்ப வெளிய வந்துச்சு தலைவரே?"

"காலைல. பல்லு வெளக்கிகினு பாத்தேன், வந்துட்டு உக்காந்துகினு கீது."

"நீங்க சொன்னதுதானே வந்திருக்கு. அப்புறம் ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

"இன்னா சாரே கேக்கற?" சட்டென்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெனம் நாஸ்தா போட்டு, தண்ணி மாத்தி வளத்துட்டு, நானே கொண்டாந்து காட்டிக் குடுக்கறதா? நல்லா கீதே!"

நான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இருந்தது தன் முன்னங்கால்கள் இரண்டையும் காற்றில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. படித்ததெல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது.

"இது முன்னங்காலைத் தூக்குது. கொசு பின்னங்காலைத் தூக்கும். கொசுவுக்கு நீளமா ஊசி இருக்கும். இதுக்கு ஊசி இல்ல. இது கொசு இல்ல."

தலைவர் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு எல்லோரிடமும் சொன்னார்: "கவனிச்சீங்களா? சாரு இந்த வாட்டி 'மாதிரி' சொல்லல. அப்ப நெசம்தான்."

"கால தூக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் ஊராட்சி அம்மா. "கடிக்குமா, கடிக்காதா?"

தலைவர் சட்டைக் கையை முட்டிக்கு மேல் ஏற்றினார். துணியை ஓரமாக விலக்கி, கையைப் பாட்டிலுக்குள் விட்டு, மணிக்கட்டைச் சுற்றித் துணியை இறுக்கிக்கொண்டார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

"கடிக்குதா?"

"இல்ல."

"பசியில்லாம இருக்கும்" என்றாள் அவர் மனைவி. "நீதான் வேளா வேளைக்குப் போடறியே."

"ஆம்பளக் கொசுவும் கடிக்காது" என்றார் நர்ஸம்மா. எல்லோரும் அவரைப் பார்த்தோம். "நான் பொதுவாச் சொன்னேன்."

"தலைவரே, உங்க ஆளு ஆணா, பொண்ணா?"

"நான் எப்டிய்யா பாக்கறது!"

ஒன்றை வைத்து முடிவுகட்ட முடியாதென்று ஆயிற்று. நர்ஸம்மா பாட்டிலிலும் என் பாட்டிலிலும் அடியில் நெளிந்தவை போக, துணி மூடிக்கு அடியில் இறக்கை முளைத்தவையும் சில இருந்தன. அவரும் கை விட்டார், நானும் கை விட்டேன். தலைவர் வீட்டு வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆளுக்கொரு கை பாட்டிலில். ஊராட்சி அம்மா இடுப்பில் கை வைத்து எங்களுக்கு நடுவே நடந்தார். ரத்ததான முகாம் மாதிரிதான் இருந்தது. மன்னிக்கவும், பழக்கம் போகவில்லை.

"ஆ! கடிக்குது!" சிற்பி அலறினார்.

அவர் தட்டான் குஞ்சு பாட்டிலில் விரலை விட்டிருந்தார்.

"உன்ன யாரு மச்சான் வுட சொன்னா?"

"எல்லாரும் வுடறீங்களேன்னு..."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் கழுத்தில் பட்டென்று ஓர் அடி. அவரே தன் இன்னொரு கையால் அடித்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்தார். நசுங்கிய கொசு, நடுவில் ரத்தப் பொட்டு.

ஊராட்சி அம்மா குனிந்து பார்த்தார். "இது யாரு வளத்தது?"

அவர் நிமிர்ந்து, தலைவரின் புது மாடியைப் பார்த்தார். புதுத் தளத்துக்குச் சிமெண்ட் பாத்தி கட்டி, விரிசல் விடாமலிருக்கத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள்; கொத்தனார் ஊருக்குப் போய் நாளாகியிருந்தது. அந்த அம்மா கட்டைப் படியில் மேலே ஏறினார். மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஐயா, வந்து பாருங்க! தலகீழா தொங்கறான் பாருங்க, ஆயிரம் பேரு!"

மருந்து அங்கே ஊற்றப்பட்டது. சுவரில் சாக்பீஸ் தேதி அங்கே விழுந்தது. இறங்கி வந்து என் குளத்தருகில் நின்றார். "மீன் இருக்குதா? இருக்கட்டும். ட்ரம்ம வலத் துணி போட்டு மூடி வைங்க. பாட்டிலயெல்லாம் கொளத்துலயே கொட்டிருங்க, மீனாவது துன்னட்டும். சார், நீங்க பெரியவங்க, சொல்லக் கூடாது. வேற எதுனா பொழுதுபோக்கு வச்சிக்கங்க."

காரை தெருமுனைப் பள்ளத்துக்குப் போயிற்று. குளம் பிழைத்தது. நான் மனைவியிடம் போய்ச் சொன்னேன். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்றாள். ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வந்தது.

பாட்டில்களை யாரும் சும்மா கொட்டவில்லை. மீன் தின்றுவிடும் என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றதால் எல்லாவற்றையும் ட்ரம்முக்குள் விட்டோம், வலைத்துணி போட்டு மூடினோம். சிற்பி தன்னுடையதை மட்டும் தயங்கித் தயங்கி விட்டார். "இன்னும் முடியல சார் இவன், பாதி வேலையில நிக்கறான்" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் தலைவர் வந்தார், தன் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. சிற்பி வந்தார். நர்ஸம்மா டார்ச்சோடு வந்தார். அதற்கடுத்த நாள் தலைவரின் மனைவியும் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். வெள்ளைத் தட்டு வெளியே வந்தது. "இது என்னுது, பாரு எட்டு போடுது." "போய்யா, உன்னுதுல பாதிய அவன் துன்னுட்டான்." சின்னத் தண்ணீர்ச் சத்தம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. என் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள். நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "வாங்க வாங்க" என்று அவள் வீட்டு வாசலிலேயே அவளை வரவேற்பார்கள். "ஏங்க, எங்க மாமியாருக்கு ஸ்கேன் எடுக்கணும், வெறும் வயித்துல வரணுமா?" என்று கேட்பார்கள்.

அவள் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். குளத்தைக் காப்பாற்றி அவள் அரை மணியைத் தொலைத்துவிட்டேன். யாரையும் வராதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, பங்குதாரர்களாயிற்றே.

ஒரு சாயங்காலம் பஸ் போன சத்தம் கேட்டது, அவள் வரவில்லை. கூட்டம் ட்ரம்மைச் சுற்றி இருந்தது. நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். தெருவே காலி. எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது, ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, எல்லோரும் என் வாசலில். தலைவர் வீட்டு முன்வராந்தாவில், மடியில் பையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைக் குளிர்ந்த தரையில் வைத்து, கண்களை மூடியிருந்தாள். மேலே மாடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பின்னால் தலைவர் வந்து நின்றார். பார்த்தார். அவர் குரலைக் குறைத்து நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

"எவ்ளோ நேரம் சாரே?"

"அரை மணி."

தலையாட்டிவிட்டு என் வீட்டுக்கே திரும்பி நடந்தார். நானும் போனேன். அவர் மனைவி அதற்குள் புடவையை உதறிக்கொண்டு எழுந்திருந்தாள். "நேரமாச்சு, நான் போய் ஒல வைக்கிறேன்."

"உக்காரு."

"இன்னாய்யா? சோறு வேணாமா?"

"உக்காருன்றேன்ல. நம்ம வூட்ல ஆளு கீது." அவர் வெள்ளைத் தட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தா, இதுல எது நம்மளுதுன்னு கண்டுபுடி பாப்போம். மெதுவா பாரு. அவசரமே இல்ல."